விரிசலை வரவேற்றவர்

ஒரு பொருள் உடைந்தால் சந்தோஷப்படுகிற மனுஷியை நான் என் ஆயுளில் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். வீட்டில் ஒரு தம்ளர் கை தவறி விழுந்தாலே பதறிப்போகிற ஆள் நான். அவரோ விரிசலைக் கண்டால் முகம் மலர்ந்து, வெளியூரிலிருந்து வந்து இறங்கிய சொந்தக்காரரைக் கூப்பிடுவது போல, “வா வா, இத்தினி நாளா எங்க இருந்த?” என்பார். முதல் தடவை கேட்டபோது, இந்த அம்மாவுக்கு எங்கோ மறை கழன்றிருக்கிறது என்று முடிவு கட்டினேன். அந்த முடிவை மாற்றிக்கொள்ள எனக்கு ரொம்ப நாள் பிடித்தது.

எண்பதுகளின் தொடக்கம். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற சாலையில் அப்போது இத்தனை கம்பெனிகள் கிடையாது. வேர்க்கடலைக் கொல்லைக்கும் ஏரிக்கும் நடுவே எங்கள் பட்டறை தகரக் கூரையோடு நின்றது. வெண்கலப் பொடியை அச்சில் அழுத்தி, உலையில் சுட்டு, லாரிகளுக்கும் பம்புகளுக்கும் வடிகட்டி செய்வோம். அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும். அதைப் பார்த்துவிட்டுத்தான் ராக்கெட் விடுகிறவர்கள் எங்களைத் தேடி வந்தார்கள். மேலே காற்று கிடையாதாம், விசிறி வைத்து எதையும் ஆற்ற முடியாதாம். உள்ளே இருக்கிற மின்சாரப் பெட்டி சூடேறிக் கெடாமல் இருக்க, ஒரு துளைத் தகட்டின் பின்னால் தண்ணீர் விட வேண்டும். அது தகட்டின் வழியே கசிந்து ஆவியாகும்போது சூட்டையும் இழுத்துக்கொண்டு போய்விடும். மண்பானைத் தண்ணீர் குளிர்கிற அதே கதைதான், பானைக்குப் பதில் நிக்கல் தகடு. செய்து தருகிறேன் என்று முதலாளி ஒப்புக்கொண்டார். செய்ததைச் சோதிப்பதற்கு அவர் வேலைக்கு எடுத்த ஆள்தான் இந்த அம்மா.

பெயரைச் சொல்லப் போவதில்லை. பட்டறையிலும் யாரும் சொன்னதில்லை. எது பெயிலானாலும் சந்தோஷப்படுவதால் முதுகுக்குப் பின்னால் ‘பெயிலம்மா’ என்போம். வாலாஜாபாத் பக்கம் ஒரு கிராமம். அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்த அம்மா எம்.எஸ்ஸி. படித்தவர். வெறும் நெற்றி, மெல்லிய வாயில் துணிப் புடவை, கையில் ஆண்பிள்ளைகள் கட்டுகிற பெரிய கடிகாரம். முப்பது வயதை நெருங்கியும் கல்யாணம் ஆகவில்லை.

நான் அவருக்குப் பம்பு ஆப்பரேட்டர். இரும்புத் தொட்டிக்குள் இருக்கிற காற்றை எல்லாம் உறிஞ்சி எடுப்பது என் வேலை. அவர் வந்த புதிதில் தொட்டிக்குள் ஒரு கிண்ணம் தண்ணீரை வைத்து மூடிவிட்டு, “பம்பை ஓட்டுங்கண்ணா” என்றார். தொட்டியில் ஒரு கண்ணாடி ஜன்னல் உண்டு. எட்டிப் பார்த்தேன். காற்று குறையக் குறைய, நெருப்பே இல்லாமல் தண்ணீர் கொதித்தது. கொதித்துக்கொண்டிருந்தது அப்படியே ஐஸாகிப் போனது. நான் பம்பை நிறுத்திவிட்டு வெளியே போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் பின்னாலேயே வந்தார்.

“இன்னாண்ணா, பயந்துட்டீங்களா?”

“சூனியம் மாதிரி கீதும்மா. கொதிக்கிற தண்ணி எங்கனா ஐஸாவுமா?”

“ஆவியா போற தண்ணி, மீதித் தண்ணியோட சூட்டைத் தூக்கிக்கினு போவுது. மீதி குளுந்துபோய் உறையுது. அவ்ளோதான். தகட்டுலயும் இதான் நடக்கணும். தகடு முழுக்க ஒரே மாதிரி வெள்ளையா பனி பிடிச்சா நல்ல தகடு.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று ராத்திரி சோறும் இறங்கவில்லை.

மாசக்கணக்கில் பாடுபட்டுச் செய்த முதல் தகடு நன்றாகவே பனி பிடித்தது. முதலாளி கைதட்டினார். போதும், கழற்றிப் பெட்டியில் வையுங்கள் என்றார். அந்த அம்மா கேட்கவில்லை. தண்ணீரின் அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போனார். தகடு ‘படக்’ என்று வெடித்து, ஜன்னல் முழுக்க ஐஸ் அப்பியது. முதலாளிக்கு முகம் வெளிறிவிட்டது. இவர் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, “வா வா. ஓரத்துல ஒளிஞ்சிக்கினு இருந்தியா?” என்றார். பெற்ற பிள்ளையைக் கிணற்றில் தள்ளிவிட்டு எட்டிப் பார்ப்பவரைப் பார்ப்பது போல நாங்கள் அவரைப் பார்த்தோம்.

இது பட்டறையோடு நின்றால் பரவாயில்லை. மண்ணூரில் நான் கட்டிய புது வீட்டில் பையனுக்குக் காது குத்தல். மரியாதைக்கு அவரையும் அழைத்தேன். வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். நிலைப்படிக்கு மேலே, எங்கள் யார் கண்ணிலும் படாத ஒரு கீறல். அதில் விரலை ஓட்டிப் பார்த்து, அத்தனை சொந்தக்காரர்கள் முன்னாலும் “வா வா” என்றார். என் மனைவி என்னைச் சமையல்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். “சாப்பாடு போட்டு அனுப்பு. இன்னொரு வாட்டி இந்த வூட்டுக்குக் கூட்டியாராத” என்றாள். அவர் சொன்ன இடத்தில் முட்டுக் கொடுத்ததால்தான் அந்த வருஷத்து அடைமழைக்கு வீடு தாங்கியது. அதற்காகவும் என் மனைவி அவரை மன்னிக்கவில்லை.

பெண் பார்க்க வந்தவர்கள் வேண்டாம் என்று போன மறுநாளும் அவர் அப்படித்தான் வந்தார். “பெயில்ண்ணா. வேலையை விடச் சொன்னாங்க. இப்பவே தெரிஞ்சது எவ்ளோ நல்லது” என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். பிறகு ஒரு மிஷன் பள்ளிக்கூட வாத்தியார், அவர் வேலையை விட வேண்டாம் என்றே சம்மதித்து, போதகர் முன்னிலையில் பேச்சு முடிந்தபோது எங்களுக்குத்தான் அப்பாடா என்று இருந்தது.

அவரிடம் இன்னொரு வழக்கமும் உண்டு. எது கெட்டாலும் “வா வா” முடிந்த கையோடு, “யார் கை?” என்று கேட்பார். பதில் தெரியாமல் விடமாட்டார். தெரிந்தபிறகு யாரிடமும் மறைக்கவும் மாட்டார். ஒரு தகட்டில் எண்ணெய்க் கறை பட்டுத் தண்ணீர் இறங்காமல் போனது. ராக்கெட் அதிகாரிகள் சுற்றி நிற்கிறார்கள். என்னைப் பக்கத்தில் நிறுத்திவைத்து, “இவர் கை சார். பம்பைத் தொட்ட கையோட தகட்டைத் தொட்டுட்டார்” என்றார். எனக்குக் காது இரண்டும் தீயாக எரிந்தது. அவர்கள் போனதும் சண்டைக்குப் போனேன்.

“இன்னாம்மா, என் மானத்த வாங்கிட்டீங்களே. தெரியலன்னு சொல்லக் கூடாதா?”

“யார் கைன்னு சொன்னாத்தாண்ணா கைக்கு உறை வாங்கித் தருவாங்க” என்றார். அடுத்த வாரமே எல்லோருக்கும் கையுறை வந்தது. தன் தலைமுடி ஒன்று மூடியில் சிக்கி ஒரு சோதனை பாழானபோதும், “என் கை சார், என் கவனக்குறைவு” என்று முதலாளி அறைக்குப் போய் அவராகவே சொன்னார். யார் கையையும் அவர் மூடி மறைத்து நான் கண்டதில்லை.

தகடுகளைக் கழுவுவதற்குக் கன்னியம்மா என்று ஒருத்தி இருந்தாள். தண்டலத்துக்காரி. புருஷன் லாரியில் அடிபட்டுச் செத்தபிறகு அண்ணன் வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தாள். சம்பளம் கொண்டுபோகிற வரைக்கும்தான் அங்கே அவளுக்குச் சோறு என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். முதலாளியோ சகுனம் பார்க்கிற மனிதர். காலையில் கார் எதிரே தாலியறுத்தவள் வந்துவிட்டால் காரைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். அதனால் கன்னியம்மா சீக்கிரமே வந்து, பின்பக்க வேலிச் சந்து வழியாக நுழைந்துவிடுவாள். அந்த அம்மாவுக்கு இது தெரிந்ததும் ஒரு நாள் அவள் கையைப் பிடித்து முன்வாசல் வழியாகவே கூட்டிக்கொண்டு வந்தார். கன்னியம்மா அழுதுவிட்டாள்.

“வேணாம்மா. உங்களுக்கு இது கோவம். எனக்கு இது சோறு.”

அதற்குப் பிறகு அவர் அப்படிச் செய்யவில்லை. ஆனால் மத்தியானச் சாப்பாட்டைச் சோதனை அறையில் கன்னியம்மாவோடுதான் சாப்பிட்டார்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தைய நாள், கடைசித் தகடு தேறிவிட்டது. ஓரம் முதல் ஓரம் வரை பால் போலப் பனி. பூஜை முடிந்து அதிகாரிகள் வருவார்கள், அவர்கள் கண் முன்னால் ஓட்டிக் காட்டினால் ஆர்டர் நமக்குத்தான். முதலாளி எல்லோரையும் நிற்கவைத்துச் சொன்னார்: “இந்தத் தகடு ஒண்ணை நம்பித்தான் நான் லாரிக்காரன் ஆர்டரை எல்லாம் நிறுத்தி வெச்சிருக்கேன். இதுல எவனாவது கை வெச்சுக் கெடுத்தான்னா, அவன் அன்னிக்கே கேட்டுக்கு வெளிய.”

ஆயுத பூஜை அன்று எங்கள் வழக்கம், அவரவர் மிஷினுக்கு அவரவர் கையால் சந்தனமும் குங்குமமும் வைப்பது. நான் என் பம்பைக் குளிப்பாட்டி, பட்டை போட்டு, மாலையே சாத்தினேன். உலைக்கு, அச்சுக்கு, தராசுக்கு, முதலாளி காருக்கு, ஏன், சைக்கிளுக்குக்கூடப் பொட்டு. அந்த அம்மா எப்போதும் போலத் தள்ளி நின்று வேடிக்கை பார்த்தார். பொட்டு வைக்க மாட்டார். பொரியும் சுண்டலும் மட்டும் ஒரு கை பார்ப்பார். கன்னியம்மா குழாயடியில் நின்றாள். விசேஷத்தில் குங்குமச் சிமிழ் அவள் பக்கம் போகாது.

பூஜை முடிந்து பட்டறை திறந்த அன்று, அதிகாரிகள் வருவதற்கு முன்னால் ஒரு ஒத்திகை பார்த்துவிடலாம் என்றார் அந்த அம்மா. தகட்டைத் தொட்டியில் மாட்டினோம். நான் பம்பை ஓட்டினேன். அவர் தண்ணீரைத் திறந்தார். ஜன்னலில் இரண்டு பேரும் முகத்தை வைத்துப் பார்த்தோம். ஓரத்திலிருந்து பனி வெள்ளையாக ஏறி வந்தது. நாலு பக்கமும் வந்தது. நடுவில் மட்டும் வரவில்லை. விரல்நுனி அளவுக்கு வட்டமாக ஓரிடம் கறுப்பாக அப்படியே நின்றது. சுற்றிலும் வெளுக்க வெளுக்க அந்த வட்டம் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. யாருடைய முகமோ தொட்டிக்குள்ளிருந்து எங்களைப் பார்ப்பது போலிருந்தது.

“வா வா,” என்று ஆரம்பித்தார். “யார் கை?”

வாசலில் தண்ணீர் கேனோடு நின்ற கன்னியம்மா கேனைக் கீழே வைத்தாள்.

“என் கைதாம்மா.”

நாங்கள் திரும்பினோம். அவள் அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எல்லா மிசினுக்கும் வெச்சாங்க. நம்ம ரூம்ல இந்தத் தகடு மட்டும் மூளியா கெடந்திச்சி. நீங்க வெக்க மாட்டீங்க. நான் வெக்கக் கூடாது. எல்லாரும் அங்க சூடம் ஏத்தறப்போ, நான் இங்க வந்து இதுக்கு ஒண்ணே ஒண்ணு வெச்சேன். மூளியா நிக்கிறது எப்டி இருக்கும்னு எனக்குத் தெரியும்மா. இன்னிக்குக் காலையில சுத்தமாத் தொடச்சிட்டேன். போயிடுச்சின்னு நெனச்சேன்.”

அந்த நேரம் பார்த்து முதலாளியின் செருப்புச் சத்தம் கேட்டது. உள்ளே வந்தவர் நேராக ஜன்னலில் குனிந்தார். நிமிர்ந்தபோது அவருக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

“பொட்டு” என்றார்.

“ஆமா சார். சந்தனம், குங்குமம். துளைக்குள்ள இறங்கிடுச்சு. மேல தொடைச்சாப் போகாது” என்றார் அந்த அம்மா.

முதலாளி எங்கள் மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு அந்த அம்மாவின் பாணியிலேயே கேட்டார்.

“யார் கை?”

கன்னியம்மாவின் வாய் அசைந்தது. அதற்குள் அந்த அம்மா சொல்லிவிட்டார்.

“என் கை சார்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காதில் சரியாக விழவில்லையோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன். எப்போதும் “என் கை” என்று சொல்கிற அதே முகம். பொய் சொல்லத் தெரியாதவர் என்று நான் சத்தியம் பண்ணியிருப்பேன். தயங்காமல், கண் தாழாமல் சொன்னார்.

“நீங்களா? நீங்க எதையும் தொட மாட்டீங்களே.”

“எல்லாரும் வெக்கிறதைப் பாத்து எனக்கும் ஆசை வந்திடுச்சு சார். நான் சோதிச்ச தகடுதானே, நான்தானே வெக்கணும்.”

முதலாளிக்கு உதடு துடித்தது. “எங்க சாமிக்கு நீங்க பொட்டு வெக்கலேன்னு இத்தனை வருஷத்துல ஒரு நாள் நான் கோவிச்சிக்கிட்டது உண்டாம்மா? வெச்சதுக்குப் போய் உங்களை வெளிய அனுப்பற மாதிரி பண்ணிட்டீங்களே” என்றார். எல்லோர் முன்னாலும் சொன்ன சொல். அவரால் அதை விழுங்க முடியவில்லை. அந்த அம்மாவும் கெஞ்சவில்லை. சாப்பாட்டுத் தூக்கையும் குடையையும் எடுத்துக்கொண்டு, பம்பை நிறுத்த மறக்காதீங்க என்று என்னிடம் சொல்லிவிட்டு, கேட்டைத் தாண்டிப் போய்விட்டார். கன்னியம்மா சுவரோடு சுவராகச் சாய்ந்து நின்றாள். நான் பம்பை நிறுத்தினேனா என்பது எனக்கு நினைவில்லை.

கெட்டதற்குக் காரணம் தெளிவாகத் தெரிந்ததால் அதிகாரிகள் அவகாசம் கொடுத்தார்கள். வேறு தகடு செய்தோம், தேறியது, ஆர்டரும் நிலைத்தது.

பல வாரம் கழித்து ஒரகடம் கூட்டு ரோட்டில் அவரைப் பார்த்தேன். வாலாஜாபாத் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். இளைத்திருந்தார். பட்டறைப் பேச்சு அவர் ஊருக்கு எப்போதோ போய்ச் சேர்ந்திருந்தது. வாத்தியார் மகள் சிலைக்கும் மிஷினுக்கும் குங்குமம் வைக்கிறாள் என்று. அந்த மாப்பிள்ளை வீட்டார் பேச்சை முறித்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எழுந்து நின்று சபையிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னார்களாம்.

“கேட்டீங்களா?”

“கேட்டேன்.”

“செய்யாததுக்கா? உங்க அப்பாகிட்டயாச்சும் நெசத்தச் சொல்லியிருக்கலாமேம்மா.”

“அவர் போதகர்கிட்ட சொல்லுவார். போதகர் சபையில சொல்லுவார். தண்டலத்துக்கும் பட்டறைக்கும் வர எவ்ளோ நேரம் ஆவும்?” என்றார் சாதாரணமாக. பிறகு ஆவலோடு, “கன்னியம்மாக்கா எப்டி இருக்கு? வேலை இருக்குதுல்ல?” என்று கேட்டார்.

இருக்கிறது என்றேன். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அந்த வாரம் நடந்ததைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு செல்லவில்லை. யாரிடமாவது சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. சோதனை அறைக்கு முதலாளி புதுப் பூட்டு வாங்கினார். பட்டறை ஆட்கள் அத்தனை பேரையும் கூப்பிட்டு, சாவியைக் கன்னியம்மா கையில் கொடுத்தார். “இனிமே இந்த ரூமுக்கு நீதான் பொறுப்பு. உனக்குத்தான் பொட்டு, குங்குமம்னு எந்த வேலையும் இல்லையே. உன் கையை நம்பலாம்” என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். நாலு பேர் சிரிக்கவும் செய்தார்கள்.

“அக்கா இன்னா சொல்லிச்சி?”

“‘சரிங்க மொதலாளி’ன்னு சொல்லிட்டு வாங்கிக்கிச்சி.”

வேலை போனபோது அழாதவர், கல்யாணம் நின்றதைச் சொல்லும்போது குரல்கூட மாறாதவர், குடையை ரோட்டில் போட்டுவிட்டு மைல்கல் மேல் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் நான் குடையை எடுத்து வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். வாலாஜாபாத் பஸ் வந்து, நின்று, போனது. அவர் ஏறவில்லை.